மூடுபனி ஊரில் ஒரு பிரேக்ஸ்மேன்: எந்த வண்ணம், எந்த மண், எந்தப் பெட்டி?

மினியேச்சர் உருவத்துக்கு வண்ணம் பூசக் கற்றுத்தரும் காணொளிகள் எதுவும் ஜூலை மாதத்துக் குன்னூரை நினைத்து எடுக்கப்பட்டவை அல்ல. 'பத்து நிமிடம் காயவிடுங்கள்' என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போது, இங்கே கொடியில் போட்ட துணி மூன்று நாளாக ஈரம் போகாமல் தொங்கிக்கொண்டிருக்கும். எது நல்ல பெயிண்ட், எது நல்ல பீடம் என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. இந்த ஈரத்திலும் குளிரிலும் எது ஒழுங்காகக் காயும், எது பூஞ்சை பிடிக்காமல் நிற்கும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கோவை நண்பர் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கும் பொருள் மேட்டுப்பாளையம் தாண்டியதும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். கொடைக்கானல்காரர்களுக்கும் பெரும்பாலும் இதே கணக்குத்தான்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரே ஒரு உருவத்தை எடுத்துக்கொள்வோம்: நம் மலை ரயிலின் பிரேக்ஸ்மேன், அதாவது பெட்டிகளில் பிரேக் பிடிக்கும் ஊழியர். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரப் பாதை தொடங்கிவிடும். எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று தள்ள, ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒருவர் கொடியோடு நிற்பார். அவரை மேடையில் நிற்கவைத்தால் பெட்டியையும் செய்தாக வேண்டும். அது வேறு வேலை. மழையில் மண் சரிந்து, ஹில்குரோவுக்கும் ரன்னிமேடுக்கும் நடுவே வண்டி நின்றுவிட்டது, அவர் சிவப்புக் கொடியோடு இறங்கிப் பாதையைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டால் உள்ளங்கை அகலப் பீடம் போதும். பச்சையும் சாம்பலுமான சூழலில் அந்தச் சிவப்பு ஒன்றே கண்ணை இழுக்கும்.

அளவு

கடைகளில் கிடைக்கும் உருவங்கள் பெரும்பாலும் 28, 54, 75 மி.மீ. உயரத்தில் வருகின்றன. 28 விளையாட்டு மேசைக்கானது. முகம் மிளகளவுதான் இருக்கும். நம் வேலைக்கு அதை ஒதுக்கிவிடலாம்.

54 மி.மீ. என்றால் ஏறத்தாழ 1/32, அதாவது அசல் அளவில் 32-இல் ஒரு பங்கு. இதில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. மலை ரயில் மீட்டர் கேஜ், தண்டவாளங்களுக்கு இடையே 1000 மி.மீ.; அதை 32-ஆல் வகுத்தால் 31 மி.மீ. சொச்சம். 'ஓ கேஜ்' மாதிரி ரயில்களின் தண்டவாள அகலம் 32 மி.மீ. ஆக, கடையில் வாங்கிய தண்டவாளத்தையே வைத்துவிடலாம். ஸ்லீப்பர் கட்டைகள் மட்டும் இந்த அளவுக்குச் சிறியவை என்பதால் அவற்றைக் கழற்றிவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும். 75 மி.மீ. என்றால் 1/24, அகலம் 42 மி.மீ. ஆகிவிடும், தண்டவாளம் முழுக்க நம் கைவேலை. எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏற நடுவில் ஓடும் பல்தண்டும் அப்படித்தான்: இணையாக இரண்டு பட்டைகள், ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றதன் இடைவெளி. பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி எடுக்க ஒரு வாரக் கடைசி போய்விடும்.

ஆனாலும் என் ஓட்டு 75-க்கே. தண்டவாளத்தில் மிச்சமாகும் நேரத்தைவிட முகத்தில் கிடைக்கும் இடம் பெரிது. இரண்டு தண்டவாளத்தையும் முழுசாகக் காட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரு தண்டவாளமும் பல்தண்டும் பீடத்தைக் குறுக்காக வெட்டிச் செல்லட்டும். மிச்சத்தைப் பார்ப்பவர் மனசு போட்டுக்கொள்ளும்.

பிரேக்ஸ்மேன் என்று எழுதிய பெட்டியைக் கடையில் எதிர்பார்க்க முடியாது. கோட்டும் தொப்பியும் போட்ட வேறொரு உருவத்தை வாங்கிக் கையை மாற்றலாம், அல்லது கோவை போன்ற ஊர்களில் முப்பரிமாண அச்சில் ரெசினில் எடுத்துக்கொள்ளலாம். அச்சில் எடுத்தால் முகம் நம் ஊர் முகமாக அமைய வாய்ப்பு உண்டு. ஆனால் அடுக்குக் கோடுகளைத் தேய்த்து எடுக்க வேண்டும். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. கொடிக்குக் களிம்பு டியூபின் அலுமினியத் தகடு போதும், மடிப்பு அழகாக விழும். கை மாற்றிய இடத்தில் எம்-சீல் வைக்கலாம். நுணுக்கமான வேலைக்கு அது கொஞ்சம் கரடுமுரடு என்றாலும், குளிரில் மெதுவாக இறுகுவதால் இங்கே விரலுக்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. மலைக்குளிர் நமக்குச் செய்யும் சில உதவிகளில் இது ஒன்று.

பிரைமர்

வண்ணம் ஒட்டிப் பிடிக்க முதலில் பூசுவது பிரைமர். இதில் யோசிக்க அதிகம் இல்லை. டப்பாவிலிருந்து ஸ்ப்ரே அழுத்தமாக வெளியேறும்போது கரைப்பான் ஆவியாகி, தூறலையும் உருவத்தின் மேற்பரப்பையும் குளிரவைக்கும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது அங்கேயே படிந்து, பூச்சு வெள்ளை பூத்தோ சொரசொரப்பாகவோ போய்விடும். பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஸ்ப்ரேக்கும் இதே கதி. அதுவோ எல்லா வேலையும் முடிந்த பிறகு அடிப்பது, அப்போது வெளுத்துப்போனால் அழுகையே வரும். பிப்ரவரி, மார்ச் மாத வெயில் நாட்களில் மதியம் ஸ்ப்ரே அடிக்கலாம். ஜூன் முதல் டிசம்பர் வரை, தென்மேற்கும் வடகிழக்கும் மாறிமாறிப் பெய்யும் காலத்தில், தண்ணீரில் கரையும் பிரைமரைப் பிரஷ்ஷால் மெல்லியதாக இரண்டு முறை பூசுவதே மேல். பிரஷ் தடம் தெரியுமே என்ற பயம் வேண்டாம். மெல்லிதாகப் பூசினால் தெரியாது. காற்றழுத்தத்தில் வண்ணம் தூவும் ஏர்பிரஷ் இருப்பவர்கள் அதே பிரைமரை அதில் அடித்துக்கொள்ளலாம். அதற்கு முன் சோப்புத் தண்ணீரில் உருவத்தைக் கழுவ மறக்க வேண்டாம். வார்ப்பு எண்ணெய் மிச்சமிருந்தால் எந்தப் பிரைமரும் ஒட்டாது.

அக்ரிலிக்கா, ஆயிலா?

எனாமலை முதலிலேயே விட்டுவிடுகிறேன். மூடிய ஜன்னலுக்குள் அந்த வாடையோடு இருக்க முடியாது, ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வரும்.

அக்ரிலிக் காய்வது தண்ணீர் ஆவியாவதால். சமவெளியில் அது பிரஷ் நுனியிலேயே காய்ந்துவிடுகிறது என்று புலம்புவார்கள். இங்கே மழைக்காலத்தில் நேர் எதிர். இரண்டு நிறங்களை ஈரத்தோடு ஈரமாக இழைத்துக் கலக்க நேரம் கிடைக்கும், அது லாபம். நஷ்டம் என்னவென்றால், அடுத்த பூச்சுக்கு அவசரப்பட்டால் அடிப்பூச்சு பெயர்ந்துவிடும். ஸ்பாஞ்சும் காகிதமும் வைத்த ஈரத்தட்டில் பெயிண்ட் நாள்கணக்கில் காயாமல் இருக்கும், ஆனால் ஸ்பாஞ்சில் பூஞ்சை பிடிக்கும். ஒரு செம்புக் கம்பித் துண்டை அடியில் போட்டுவைப்பது பலரும் கையாளும் வழி.

குளிரின் தொல்லை வேறு. அக்ரிலிக் வெறுமனே உலர்ந்தால் போதாது. அதன் பிசின் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து படலமாக வேண்டும். ஏறத்தாழ 10 டிகிரிக்குக் கீழே அந்த இணைப்பு சரியாக நடப்பதில்லை. ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரி இரவில் பூசிவிட்டுத் தூங்கினால், காலையில் காய்ந்ததுபோல் தெரியும்; மாஸ்க்கிங் டேப்பை உரித்தால் பூச்சும் சேர்ந்து வரும். அந்த மாதங்களில் வேலையைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த அக்ரிலிக் என்றால்: ஸ்பெயினின் வாயெஹோ போன்ற மினியேச்சர் வண்ணங்களில் நிறத்துகள் நுண்மையாக இருக்கும், மெல்லிதாகப் பூசினாலும் மூடும். ஜப்பானின் தமியா ஆல்கஹால் கலந்தது. ஈர நாளிலும் சட்டென்று காயும், ஏர்பிரஷ்ஷுக்கு அருமை. பிரஷ்ஷால் மேலே மேலே பூசினால் மட்டும் கீழ்ப்பூச்சைக் கரைத்து இழுத்துவிடும். கேமல், ஃபெவிக்ரில் எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. பீடத்துக்கும் பாறைக்கும் தண்டவாளத்துக்கும் தாராளமாக அவற்றைப் பயன்படுத்துங்கள். முகத்துக்கு வேண்டாம்.

முகத்துக்கு நான் ஆயிலைத்தான் சொல்வேன், காரணம் நம் தோல் நிறம். வெளிநாட்டுப் பாடங்கள் வெளுத்த தோலுக்கு எழுதப்பட்டவை. வெளிச்சம் படும் இடத்தில் வெள்ளையைக் கலக்கச் சொல்வார்கள். மாநிறத்திலோ கறுப்பிலோ வெள்ளையைக் கலந்தால் தோல் சாம்பல் பூத்துப்போகும், ஆள் நோயாளியாகத் தெரிவார். செம்பழுப்பான பர்ன்ட் சியன்னாவும் அடர்பழுப்பான பர்ன்ட் அம்பரும் அடிநிறம். வெளிச்சத்துக்கு மண் மஞ்சளான யெல்லோ ஓக்கர், கூடவே துளி ஆரஞ்சு. நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், அம்பரோடு அல்ட்ராமரின் நீலம். நீலமும் பழுப்பும் சேர்ந்து தரும் அந்த ஆழ்ந்த நிழல்தான் தாடைக்கடியிலும் கண்குழியிலும் உட்கார வேண்டும். ஆயிலில் இதை மணிக்கணக்காக மெல்ல இழைக்கலாம், பிடிக்காவிட்டால் துடைத்தும் விடலாம். காய்ந்த பின் வரும் மெல்லிய பளபளப்பு மழையில் நனைந்த முகத்துக்குப் பொருந்தவும் செய்யும்.

ஆனால் ஆயில் காய்வது ஆவியாதல் அல்ல; எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுத்து இறுகுவது. குளிரில் அந்த வேலை மந்தமாகிவிடும். இதைச் சமாளிக்க இரண்டு வழி. டியூபிலிருந்து பிதுக்கியதை ஓர் அட்டைத்துண்டில் ஒரு மணி நேரம் விட்டால் உபரி எண்ணெயை அட்டை உறிஞ்சிவிடும். காய்வதும் விரைவு, பளபளப்பும் மட்டுப்படும். பூசி முடித்து, ஆயிலை இளக்கச் சேர்த்த டர்பன்டைனின் வாடை முழுக்கப் போன பிறகு, பழைய குண்டு பல்பு எரியும் அட்டைப்பெட்டிக்குள் வைக்கலாம். வெதுவெதுப்பு போதும், சூடு கூடினால் ரெசின் வளையும். கணப்புக்கோ ஹீட்டருக்கோ பக்கத்தில் டர்பன்டைனைத் திறக்கவே கூடாது. அம்பர் நிறங்களில் மாங்கனீஸ் இருப்பதால் அவை தாமாகவே சீக்கிரம் காய்பவை. நம் முகத்துக்கு அதுவே பெரும்பங்கு என்பது ஒரு நல்ல தற்செயல்.

ஆகவே முழு ஆயில் வேண்டாம், முழு அக்ரிலிக்கும் வேண்டாம். உடை, கொடி, பூட்ஸ் எல்லாம் அக்ரிலிக்; முகமும் கையும் அக்ரிலிக் அடிப்பூச்சின்மேல் ஆயில். முதல் உருவத்துக்கே இரண்டையும் பழக வேண்டுமா என்றால், ஆம். முகம் அவ்வளவு முக்கியம்.

பீடம்: காட்டிலிருந்தா, கடையிலிருந்தா?

மலையில் இருப்பவருக்கு முதலில் தோன்றுவது, 'இதை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்? சுவரெல்லாம் பாசி, வழியெல்லாம் கல்' என்பதுதான். அந்த எண்ணத்தில் பாதி சரி.

சரியான பாதி: கல்லும் குச்சியும். 1/24-ல் 50 மி.மீ. ஜல்லி 2 மி.மீ. ஆகிறது. வீடு கட்டும் இடத்தில் மிஞ்சிய எம்-சாண்ட் சல்லடையில் சலித்தால் கூர்முனைகளோடு அந்த அளவு துகள் கிடைக்கும். ஆற்று மணல் உருண்டு மழமழப்பாக இருப்பதால் ஜல்லியாகத் தெரியாது. கவாத்து செய்த தேயிலைக் குச்சி முறுக்கும் முடிச்சுமாக, அப்படியே முதிய மரத்தின் வேர்போல் இருக்கும். சரிந்துவந்த மரத்துக்கு அதைவிடப் பொருத்தமானது எந்தக் கடையிலும் இல்லை. சரிந்த இலைக்குப்பைக்குத் தேயிலையே உதவும். ஆனால் வீட்டில் இருக்கும் சி.டி.சி. தூள் உருண்டை உருண்டையாக இருப்பதால் ஆட்டுப் புழுக்கை கொட்டியதுபோல் ஆகிவிடும். சுருண்டு நீண்ட ஆர்த்தோடாக்ஸ் இலைதான் வேண்டும். ஃபெவிகால் தண்ணீர் பட்டதும் சாயம் இறங்கிப் பக்கத்துப் பாறையைக் காப்பி நிறமாக்கும் என்பதால், பாறைக்கு வண்ணம் பூசுமுன் இலையை ஒட்டிவிட வேண்டும்.

தவறான பாதி: பாசியும் மண்ணும். சுவர்ப்பாசி உயிரோடு இருக்கும்போது அழகு. பறித்து ஒட்டினால் பழுத்துப் பொடியும். கிளிசரினில் ஊறவைத்தால் பசுமை நிற்கும், ஆனால் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பது. மழைக்காலத்தில் பிசுபிசுவென்று கசிந்து, அதன் மேலேயே பூஞ்சை வரும். மண்ணை வாணலியில் வறுத்து, டீ வடிகட்டியில் சலித்துப் பயன்படுத்தலாம். ஃபெவிகால் பட்டதும் நிறம் கறுத்துவிடுவதால் எப்படியும் மேலே பெயிண்ட் பூசத்தான் போகிறோம். அப்புறம் உண்மையான மண் என்ற பெருமைக்கு என்ன பொருள்? இன்னொன்று, காப்புக்காட்டிலிருந்து எதையும் எடுத்துவருவது 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். அசல் ஜல்லி வேண்டும் என்று ரயில் பாதையில் இறங்கினால் 1989 ரயில்வே சட்டம் காத்திருக்கிறது. உங்கள் தோட்டம், உங்கள் முற்றம், அவ்வளவுதான் எல்லை.

கடைச் சரக்கில் பெயர்பெற்றது ஸ்டாட்டிக் கிராஸ்: நைலான் இழைகளுக்கு மின்னேற்றம் கொடுத்துப் பசைமேல் தூவினால் புல் நிமிர்ந்து நிற்கும். வறண்ட காற்றில் மந்திரம்போல் நடக்கும் இது, ஈரக்காற்றில் மின்னேற்றம் கசிந்து படுத்துவிடுகிறது. அதனால் கருவிக்குச் செலவழிக்காமல், ஏற்கெனவே கொத்தாக ஒட்டிவரும் புல்லை வாங்குங்கள். அதையும் அளவோடு வையுங்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட சரிவு மரமும் பெரணியும் அடர்ந்த காடு. ஊட்டிக்கு மேலே தெரியும் புல்வெளி அல்ல. பிரேக்ஸ்மேன் காலடியில் வென்லாக் புல்வெளி விரித்தால் மலைக்காரர் யாரும் நம்ப மாட்டார்.

பெரணிக்கு லேசரில் வெட்டிய காகித இலைகள் கிடைக்கின்றன. பொறுமை இருந்தால் கத்திரியால் நாமே வெட்டலாம். எதுவாயினும் காகிதம் ஈரத்தில் சுருளும், ஆகவே வண்ணம் பூசுமுன் இருபுறமும் ஃபெவிக்விக் தடவி இறுக்கிவிட வேண்டும். காய்ந்த நாணல், கொடி, வேர் எல்லாவற்றுக்கும் தேங்காய் நார் போதும்.

இவற்றுக்குக் கீழே மேட்டை எதில் எழுப்புவது? தெர்மாகோல் மலிவு, ஆனால் ஸ்ப்ரே பட்டாலும் ஃபெவிக்விக் பட்டாலும் கரைந்து பள்ளமாகும். வெட்டினால் குருணை உதிரும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கனமாக நிற்கும், ஆனால் இங்கே உள்ளீரம் போக நெடுநாள் பிடிக்கும், அதுவரை மேலே பூசியது எதுவும் நிலைக்காது. கட்டடங்களில் வெப்பத்தடைக்குப் போடும் எக்ஸ்.பி.எஸ். நுரைப்பலகை கிடைத்தால் அதுவே சிறந்தது. கத்தியால் சுத்தமாக வெட்டுப்படும், ஈரம் ஏறாது. ஸ்ப்ரே மட்டும் அதற்கும் ஆகாது.

மேட்டைச் செதுக்கும்போது சரிவை மறக்கக் கூடாது. இந்தப் பாதையின் மிகச் செங்குத்தான ஏற்றம் ஏறத்தாழ 12-க்கு 1. பத்து செ.மீ. பீடத்தில் தண்டவாளம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 8 மி.மீ. உயர வேண்டும். சொன்னால் சின்ன எண். செய்து பார்த்தால், ஆள் நேராக நிற்க, காலடியில் தண்டவாளம் சாய்ந்து ஓட, பார்த்ததும் இது நம் ரயில் என்று தெரிந்துவிடும். சமதளமாக வைத்தால் ஈரோட்டிலோ கரூரிலோ நிற்கும் யாரோ ஒருவர்தான். உருவத்தின் காலில் ஒரு மி.மீ. கம்பி இறக்கிப் பீடத்தில் செருகுங்கள். சரிவில் வெறும் பசையை நம்ப முடியாது.

மழைநீர்த் தேங்கலுக்கு இரண்டு பகுதி எபாக்சியைத் தவிர்க்கலாம். குளிரில் இறுகத் தாமதம், ஈரத்தில் மேலே பால்போல் பிசுக்கு. புற ஊதா (யு.வி.) டார்ச் வெளிச்சத்தில் இறுகும் யு.வி. ரெசின் இந்த வானிலையைக் கண்டுகொள்வதே இல்லை. விலை கூட, ஆனால் தேவை சில துளிதான்.

அடிக்கட்டை

தச்சுப்பட்டறையில் சில்வர் ஓக் துண்டு சும்மாவே கிடைக்கும். நன்றாகக் காய்ந்ததா என்று மட்டும் பாருங்கள். பச்சைமரம் பிறகு முறுக்கிப் பீடத்தைப் பிளக்கும். ஆறு முகமும் வார்னிஷ் பூச வேண்டும், அடிப்பக்கம் உட்பட. தேக்கு கிடைத்தால் கேள்வியே இல்லை.

மூடுவதா, திறந்து வைப்பதா?

சமவெளியில் கண்ணாடி தூசிக்காக. இங்கே தூசி குறைவு, ஈரம்தான் எதிரி. இறுக்கமாக மூடினால் உள்ளே மாட்டிய ஈரம் வெளியேறாது. அதனால் திறந்து வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தினமும் ஆள் புழங்கும் அறையாக இருந்தால் சரி. மற்றபடி, அடியில் விரற்கடை இடைவெளி விட்ட கண்ணாடிப்பெட்டியும், பீடத்துக்குப் பின்னால் மறைத்துவைத்த நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் என் தேர்வு. நிறம் மாறியதும் ஜெல்லை வாணலியில் மெல்லச் சூடுகாட்டினால் மறுபடி உயிர் வரும். அந்த வாணலி சமையலுக்குத் திரும்ப வேண்டாம். அக்ரிலிக் பெட்டி இலேசானது, கீழே விழுந்தாலும் கண்ணாடிபோல் எளிதில் உடையாது, ஆனால் துடைக்கத் துடைக்கக் கீறல் விழும்.

கண்ணாடிப்பெட்டிக்கு மீன்தொட்டி செய்பவரிடம் போனால் அளவுக்கு வெட்டி, சிலிக்கானில் ஒட்டித் தருவார். 'அண்ணே, நாளைக்கே கொடுத்திடறேன்' என்பார். வாங்கிக்கொள்ளுங்கள், உடனே உருவத்தை உள்ளே வைக்காதீர்கள். வழக்கமான சிலிக்கான் இறுகும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறும், வினிகர் வாடை அதுதான். ரெசின் உருவத்துக்கு அதனால் பெரிய கேடில்லை. ஈயம் கலந்த பழைய உலோக உருவமாக இருந்தால் வெள்ளைப்பொடி பூத்து அரிக்கத் தொடங்கும். மூடிய பெட்டிக்குள் மூக்கை நீட்டினால் வாடை அறவே இல்லை என்றாகும்வரை பெட்டி காலியாகவே இருக்கட்டும்.